ஊர்த் தலைவர்களுக்கு முஸ்லிம் வெறுப்பு பற்றிப் பயிற்சி: அரை நாளில் என்ன சொல்லிக் கொடுப்பது?

ராரிடன்_கரை கேட்டது:

வணக்கம். மத்திய நியூ ஜெர்சியில் ஒரு டவுன்ஷிப்பில் இருக்கிறேன், ஊர்ப் பெயர் வேண்டாம். இந்த ஜனவரியில் எங்கள் ஊர் மனித உறவுகள் கமிஷனில் என்னைப் போட்டார்கள். சம்பளம் கிடையாது, மாதம் ஒரு கூட்டம், சில்லறை பட்ஜெட். மார்ட்டின் லூதர் கிங் நாளுக்குக் காலை உணவு, தீபாவளிக்கு நூலகத்தில் விளக்கு என்று இதுவரை சிவனே என்று ஓடிக்கொண்டிருந்த கமிஷன்.

கோடையில் ஒரு பழைய வங்கிக் கட்டடத்தைத் தொழுகைக் கூடமாக மாற்ற விண்ணப்பம் வந்தது. அன்றிலிருந்து ஊர் ஃபேஸ்புக் பக்கத்தைத் திறக்க முடியவில்லை. முதல் கமென்ட் டிராஃபிக்கைப் பற்றி இருக்கும். நாலாவது கமென்டில் ஷரியா வந்துவிடும். இதில் நம் ஆட்களின் பெயர்களும் நிறைய இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. என்னோடு கிரிக்கெட் லீகில் ஆடுகிறவர் ஒருவர், தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையை அழைத்து வருகிறவர் ஒருவர்.

மேயர் அலுவலகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள்: ஒரு சனிக்கிழமை அரை நாள் பயிற்சி நடத்துங்கள் என்று. கவுன்சில் உறுப்பினர்கள், பள்ளி வாரியம், போலீஸ் கேப்டன், நூலக இயக்குநர், பெற்றோர் சங்கத் தலைவர்கள், கோயில் டிரஸ்டி ஒருவர், சர்ச் பாஸ்டர்கள், கிரிக்கெட் லீக் நடத்துகிறவர்கள் எல்லாரும் வருவார்கள். ஐம்பது பேர் இருக்கலாம்.

வெளியிலிருந்து ஒரு பயிற்சி நிறுவனம் மாதிரித் திட்டம் அனுப்பியிருக்கிறது. இஸ்லாத்தின் ஐந்து கடமைகள், அரபு எழுத்துக்கலை, இடைக்கால முஸ்லிம் விஞ்ஞானிகள், கடைசியில் கேள்வி நேரமும் சமோசாவும். தப்பு என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இதைக் கேட்டுவிட்டு அந்த கிரிக்கெட்காரர் திங்கட்கிழமை வேறு மாதிரி எழுதுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த மாதிரி பயிற்சியில் உட்கார்ந்தவர்களோ நடத்தியவர்களோ இங்கே இருந்தால் சொல்லுங்கள். எது வேலை செய்தது?

---

ஓக்ட்ரீ_காபி:

கோபித்துக்கொள்ளாதீர்கள், நேராகவே கேட்கிறேன். ஏன் முஸ்லிம் வெறுப்பைப் பற்றி மட்டும் தனிப் பயிற்சி? நம் கோயில் சுவரில் பெயின்ட் அடித்தால் இந்த கமிஷன் அரை நாள் ஒதுக்குமா? எல்லா மதத்துக்கும் பொதுவாக "மரியாதையாக இருங்கள்" என்று ஒரு மணி நேரம் சொல்லிவிட்டுப் போகலாமே. தனியாகப் பிரித்தால் வருகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்காருவார்கள். எங்கள் கம்பெனியில் வருடா வருடம் பார்க்கிறேன். கட்டாயப் பயிற்சி என்றால் எல்லாரும் கேமராவை அணைத்துவிட்டு மெயில் பார்ப்பார்கள்.

---

ஆல்டர்னேட்_2:

ராரிடன், தம்பியா தங்கையா தெரியவில்லை, பெயரை வைத்தே கூப்பிடுகிறேன். சமோசாவை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கடமைகளை எடுத்துவிடுங்கள்.

நான் கும்பகோணத்துக்காரன், சிவில் இன்ஜினியர், இப்போது ஓய்வு. இங்கே எங்கள் ஊர் பிளானிங் போர்டில், அதாவது கட்டட விண்ணப்பங்களை விசாரிக்கும் வாரியத்தில், ஆல்டர்னேட் எண் 2 ஆக இருந்தவன். அந்தப் பதவி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நிரந்தர உறுப்பினர் ஒருவர் வராவிட்டால் ஆல்டர்னேட் எண் 1 ஓட்டுப் போடுவார். இன்னொருவரும் வராவிட்டால்தான் என் முறை. மற்ற நாளெல்லாம் மேடை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஓட்டு இல்லாதவனுக்கு எல்லாம் நன்றாகத் தெரியும்.

நான் பார்த்தவரை, தலைவர்களுக்கு இஸ்லாம் தெரியாதது பிரச்சினையாக இருந்ததே இல்லை. தாங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் அதிகாரம் எது, எல்லை எது என்று தெரியாததுதான் பிரச்சினை. வெறுப்பு மைக்குக்கு வரும்போது அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு வராது. பார்க்கிங் என்று வரும். செப்டிக் டேங்க், மழைநீர் வடிகால், "நம் ஊரின் தன்மை" என்று வரும்.

பாடப் புத்தகமே நம் மாநிலத்தில் இருக்கிறது, பாஸ்கிங் ரிட்ஜ். சாமர்செட் கவுன்டியில் பெர்னார்ட்ஸ் டவுன்ஷிப். 2012-ல் அங்கே இருந்த இஸ்லாமியச் சங்கம் லிபர்ட்டி கார்னர் பகுதியில் ஒரு பள்ளிவாசல் கட்ட விண்ணப்பித்தது. சங்கத்தின் தலைவர் முகமது அலி சௌத்ரி. அவர் எங்கிருந்தோ வந்தவரும் இல்லை, அதே ஊருக்கு மேயராக இருந்தவர். அவருக்கே இந்தக் கதி.

ஊர் விதிப்படி வழிபாட்டு இடத்தில் மூன்று இருக்கைக்கு ஒரு கார் நிறுத்த இடம். 150 பேருக்குக் கணக்குப் போட்டால் 50 இடம். சர்ச்சுகளுக்கும் யூத ஆலயத்துக்கும் அந்தக் கணக்குதான் போட்டார்கள். பள்ளிவாசல் என்றதும் 107 வேண்டும் என்றார்கள். 107 காருக்குத் தார் போட்டால் மழைத் தண்ணீர் எங்கே போகும் என்ற அடுத்த கேள்வி தானாக வந்துவிடும். அதற்குப் புது வரைபடம், புது நிபுணர், புதுக் கூட்டம். இப்படியே மூன்றரை வருடத்தில் 39 கூட்டம். நடுவில் ஊர் விதியையே மாற்றி, இனி வழிபாட்டு இடம் கட்ட ஆறு ஏக்கர் வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அவர்களிடம் இருந்ததோ நாலு ஏக்கர் சுமார். சங்கத்தின் தபால் பெட்டியில் அதன் பெயர்ச் சுருக்கமாக இருந்த ஐ.எஸ்.பி.ஆர். என்ற எழுத்துகளை யாரோ ஐ.எஸ்.ஐ.எஸ். என்று மாற்றி வைத்துவிட்டுப் போனார்கள். 2015 டிசம்பரில் விண்ணப்பம் நிராகரிப்பு.

2016-ல் சங்கம் வழக்குப் போட்டது, அதே வருடம் மத்திய அரசின் நீதி அமைச்சகமும் தனியாக வழக்குப் போட்டது. 2016-ன் கடைசி நாள், டிசம்பர் 31, பார்க்கிங் விஷயத்தில் நீதிபதி சங்கத்தின் பக்கம் தீர்ப்பு சொன்னார்: எல்லா வழிபாட்டு இடத்துக்கும் ஒரு கணக்கு, உனக்கு வேறு கணக்கு என்று போட முடியாது. 2017 மே மாதம் சமரசம், 32.5 லட்சம் டாலர். பள்ளிவாசலுக்கு அனுமதி. சமரசத்தின் நிபந்தனைகளில் ஒன்று என்ன தெரியுமா? டவுன்ஷிப் அதிகாரிகளுக்குப் பயிற்சி.

அதனால் உங்கள் ஐம்பது பேரிடமும் முதலில் வைக்க வேண்டியது இந்த ஊர்க் கதை. மனசாட்சிக்கு அசையாத ஆள்கூட 32.5 லட்சத்துக்கு அசைவார். 2000-ல் வந்த ஆர்லூயிபா என்ற மத்தியச் சட்டத்தின் பெயரை எங்கள் போர்டில் பாதிப் பேர் கேள்விப்பட்டதே இல்லை. ஜோனிங் என்ற நிலப் பயன்பாட்டு விதியை வைத்து ஒரு மதத்தாரின் வழிபாட்டுக்கு நியாயமில்லாத சுமை ஏற்றக் கூடாது, மதம் பார்த்து வேறுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். இரண்டு கட்சியும் ஒருமனதாக நிறைவேற்றிய சட்டம் அது, இந்தக் காலத்தில் நம்பக் கஷ்டம்தான்.

இனி எங்கள் ஊர்க் கதை. ஒரு வீட்டை ஒட்டிய கட்டடத்தைத் தொழுகை இடமாக்க விண்ணப்பம். இன்ஜினியர் சாட்சி சொல்லி முடித்ததும் ஒரு அம்மா மைக்குக்கு வந்தார். நல்ல மனுஷி, கையில் எழுதி வைத்த காகிதம். "இவர்கள் தொழுவதற்கு முன்னால் கால் கழுவுவார்களாமே, ஒரு ஆளுக்கு எத்தனை காலன் தண்ணீர்? எங்கள் கிணற்றுக்கு அது வருமா?" அடுத்து ஒருவர், "ரமலானில் ராத்திரி எல்லாம் கால் கழுவுவார்களா?" அதற்கடுத்தவர் எதற்காகக் கழுவுகிறார்கள் என்று மதத்துக்குள்ளேயே போய்விட்டார். சேர்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நாற்பது நிமிடம். விண்ணப்பித்த குடும்பத்தின் பாட்டி முதல் வரிசையில் இருந்தார்.

இன்ஜினியராக எனக்கு இதில் இரண்டு நிமிட வேலைதான் தெரிந்தது. கழிவுநீர் அளவு என்பது நியாயமான கேள்வி. கட்டடத்தின் உபயோகத்துக்கும் ஆள் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கணக்குப் போட்டு, செப்டிக் அமைப்பு தாங்குமா என்று சுகாதாரத் துறை பார்க்கும். சாட்சியிடம் அந்த எண்ணைக் கேட்டு வாங்கிப் பதிவு செய்துவிட்டு, சேர்மன் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: "கழிவுநீர் பற்றிய பதில் பதிவாகிவிட்டது. தொழுகை முறை இந்த வாரியத்தின் அதிகாரத்துக்குள் வராது. அடுத்த கேள்வி." சொல்ல வாய் வரவில்லை அவருக்கு. கெட்ட எண்ணம் இல்லை. இதுவரை சொல்லிப் பழக்கமில்லாத வாக்கியம், ஹால் நிறைய அக்கம்பக்கத்தார், நவம்பரில் தேர்தல்.

அதனால் பயிற்சியில் அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். ஸ்லைடைப் பார்த்துத் தலையாட்டுவது உதவாது. நிஜமாகவே மைக் வையுங்கள், உங்கள் நாடகக் குழு நண்பர்கள் நாலு பேரை எதிர்ப்பாளராக அனுப்புங்கள், கவுன்சில் ஆள் சேர்மன் நாற்காலியில் உட்காரட்டும். முதல் தடவை திணறுவார்கள். மூன்றாவது தடவை குரல் நடுங்காமல் வரும். எனக்குத் தெரிந்து அரை நாளில் உருப்படியாகக் கற்றுக்கொடுக்கக்கூடியது இது ஒன்றுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, வக்கீலை வைத்துத் தெளிவாகச் சொல்ல வைக்க வேண்டும். பிளானிங் போர்டு விசாரணை வேறு, கவுன்சில் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரம் வேறு. முதலாவதில் விண்ணப்பத்துக்குச் சம்பந்தமில்லாததைச் சேர்மன் நிறுத்தலாம், நிறுத்தவும் வேண்டும். இரண்டாவதில் ஒருவர் முஸ்லிம்களைப் பற்றி அசிங்கமாகப் பேசினாலும், கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மைக்கை அணைக்க முடியாது. பேச்சுரிமையைக் காக்கும் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் குறுக்கே நிற்கும். மூன்று நிமிடம் என்றால் எல்லாருக்கும் மூன்று நிமிடம். ஆனால் அவர் உட்கார்ந்த பிறகு மேயருக்கும் வாய் இருக்கிறது. "இப்போது சொன்னது இந்த ஊரின் கருத்து இல்லை. இங்கே முஸ்லிம் குடும்பங்கள் வரி கட்டுகின்றன, தீயணைப்புப் படையில் தொண்டு செய்கின்றன, அவர்களும் இந்த அறையில் இருக்கிறார்கள்" என்று சொல்ல எந்தச் சட்டமும் தடுக்காது. பாதித் தலைவர்கள் மைக்கை அணைத்து வழக்கில் மாட்டுகிறார்கள், மீதிப் பாதி வழக்குக்குப் பயந்து வாயே திறப்பதில்லை.

ஓக்ட்ரீ காபிக்கும் பதில் சொல்ல வேண்டும். கட்டாயப் பயிற்சி பற்றி நீங்கள் சொன்னது சரி. ஃபிராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா கலேவ் என்று இரண்டு சமூகவியல் ஆராய்ச்சியாளர்கள் பல வருடமாக இதையே சொல்லிவருகிறார்கள்: கட்டாயப்படுத்தினால் ஆட்கள் முறைத்துக்கொள்வார்கள், பலன் நிற்காது. அதனால்தான் மனசை மாற்றுகிற வகுப்பை விட்டுவிட்டு வேலையைச் சொல்லிக் கொடுங்கள் என்கிறேன். ஆனால் "எல்லா மதத்துக்கும் பொதுவாக" என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. எஃப்.பி.ஐ. கணக்கில் முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புக் குற்றங்கள் 2000-ல் 28, 2001-ல் 481. அந்த செப்டம்பரில் அரிசோனாவில் பெட்ரோல் பங்க் வைத்திருந்த பல்பீர் சிங் சோதியைச் சுட்டவன் அவர் சீக்கியர் என்று விசாரித்துவிட்டா சுட்டான்? ஜெர்சி சிட்டியில் 1987-ல், நெற்றிப் பொட்டைக் குறித்துத் தனக்கு டாட்பஸ்டர்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்ட கும்பல் இந்தியர்களை விரட்டுவோம் என்று பத்திரிகைக்குக் கடிதமே எழுதியது. அந்த வருடம் ஹோபோகனில் அடித்துக் கொல்லப்பட்ட நவ்ரோஸ் மோடி பார்சி, பொட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. கோயில் சுவரில் பெயின்ட் அடித்தால் கமிஷன் கட்டாயம் கூட வேண்டும், நானே வந்து முதல் வரிசையில் உட்காருகிறேன். இப்போது ஊரில் எரிவது வேறு வீடு. மேலே சொன்ன ஆர்லூயிபா சட்டத்தை வைத்துத்தான் கலிஃபோர்னியா சட்டர் கவுன்டியில் 2006-ல் ஒரு குருத்வாரா வழக்கில் ஜெயித்தது. நாளைக்கு உங்கள் கோயில் டிரஸ்டி கையில் எடுக்கப்போவதும் அதே சட்டம்தான்.

---

கஞ்சிக்கலயம்:

ஆல்டர்னேட் அண்ணன் போர்டு பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் மைக்குக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள். சொந்த ஊர் கீழக்கரை, இங்கே பதினைந்து வருடத்துக்கு மேல். இன்றும் தமிழ்ச் சங்கப் பொங்கலில் "நீங்க தமிழா, முஸ்லிமா?" என்று யாராவது கேட்காமல் போவதில்லை. கேட்கிறவர் சிரித்த முகமாகத்தான் கேட்பார். நானும் சிரித்துக்கொண்டே பொங்கல் வாங்கிக்கொள்வேன்.

ராரிடன், உங்கள் பட்டியலில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள், ரியல் எஸ்டேட் ஏஜென்டுகள் யாரும் இல்லை. அவர்களைக் கூப்பிடுங்கள். எங்கள் உறவுக்காரப் பையன் படிக்க வந்தபோது ஒரு அறைக்குப் போன் செய்தான். தமிழில் பத்து நிமிடம் பேச்சு, மதுரையா ராமநாதபுரமா, எந்தக் காலேஜ், எல்லாம் ஆகி சாவி எப்போது வாங்கிக்கொள்கிறாய் என்ற வரைக்கும் வந்தாயிற்று. கடைசியில் பெயர் கேட்டார். சொன்னான். "ஒரு நிமிஷம் தம்பி, வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்." அப்புறம் வாட்ஸ்அப்பில் "ரூம் போயிடுச்சு" என்று ஒரு வரி. விளம்பரம் அடுத்த மாதமும் குழுவில் ஓடிக்கொண்டிருந்தது. வீடு விஷயத்தில் மதம் பார்க்கக் கூடாது என்று 1968-லிருந்து மத்தியச் சட்டம் இருக்கிறது. நியூ ஜெர்சிக்கு 1945-லேயே பாகுபாட்டுக்கு எதிரான மாநிலச் சட்டம் உண்டு, வீடு விஷயம் அதில் பிறகு சேர்ந்தது. அந்த விளம்பரத்தைப் பார்த்த கவுன்சில் உறுப்பினருக்கோ தமிழ்ச் சங்க நிர்வாகிக்கோ இது தெரியுமா? தெரிந்தால் குழு அட்மினாக இருக்கிறவர் என்ன செய்யலாம்? அதைப் பயிற்சியில் வையுங்கள்.

இன்னொன்று, வாட்ஸ்அப். 2025 ஏப்ரலில் காஷ்மீர் பஹல்காமில் 26 பேரைக் கொன்றார்களே, அந்த வாரம் எங்கள் பெற்றோர் குழுவில் வந்ததை இங்கே எழுத மாட்டேன். என் மகளோடு நீச்சலுக்குப் போகும் பிள்ளைகளின் அப்பாக்கள் அனுப்பியது. அங்கே சுற்றுலாப் பயணிகளைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட குதிரைக்காரர் ஆதில் ஹுசைன் ஷா ஒரு முஸ்லிம் என்பதை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை. அதைவிட எனக்கு உறுத்தியது குழு அட்மின். நல்ல பெண், எனக்குத் தோழிதான். எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பினாள்: "சாரி அக்கா, எல்லாரும் கோபத்துல இருக்காங்க, மனசுல வச்சுக்காதீங்க." குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அங்கே, அத்தனை பேர் பார்க்க, ஒரு வரி. தனியாக வந்து தேறுதல் சொல்ல என் வீட்டுக்காரர் இருக்கிறார்.

அப்புறம் மேடையில் இமாமை மட்டும் உட்கார வைக்காதீர்கள். பாவம், மனுஷன் மார்க்கம் சொல்லத் தெரிந்தவர், உங்கள் ஃபேஸ்புக் சண்டைக்கு என்ன பதில் சொல்வார்? நர்ஸ், ஸ்கூல் பஸ் டிரைவர், பார்மசிக்காரர் என்று ஊரில் இருப்பவர்களைக் கூப்பிடுங்கள். கறுப்பின முஸ்லிம் ஒருவராவது இருக்க வேண்டும். பியூ ஆய்வு நிறுவனத்தின் 2017 கணக்கில் அமெரிக்க முஸ்லிம்களில் ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். நியூவர்க் பக்கம் நாலு தலைமுறையாக இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களைப் பார்த்து "உங்க நாடு எது" என்று நம் ஆட்கள் கேட்பதைக் காதால் கேட்டிருக்கிறேன்.

எங்களைக் காட்சிப் பொருளாக வைக்காமல் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரமலானில் எங்கள் பள்ளிவாசலில் ஊர் உணவு வங்கிக்கு அரிசி மூட்டை கட்டும்போது பெத்தேல் சர்ச்சிலிருந்து ஆள் வருவார்கள், கோயிலிலிருந்தும் இரண்டு மாமிகள் வருவார்கள். நோன்புக் கஞ்சி குடிக்க என்று கூப்பிட்டால் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். மூட்டை கட்டக் கூப்பிட்டால்தான் பேச்சு வளர்கிறது. ஒரு மாமிக்கு இப்போது என் கஞ்சியில் வெந்தயம் போதவில்லை என்று குறை சொல்லும் உரிமை வந்துவிட்டது.

---

ஆல்டர்னேட்_2:

தங்கச்சி சொன்ன வாட்ஸ்அப் அட்மின் விஷயத்தை மைக் ஒத்திகைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அதுவும் ஒரு சேர்மன் நாற்காலிதான், தேர்தல் இல்லாத நாற்காலி. மூட்டை கட்டும் கதைக்கு ஆராய்ச்சிப் பின்னணியும் இருக்கிறது. கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே சொன்னார்: சும்மா பக்கத்தில் உட்கார வைத்தால் போதாது, சம அந்தஸ்து வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், கூட்டு உழைப்பு வேண்டும், மேலிடத்தின் ஆதரவு வேண்டும். ஆனால் அளவுக்கு மீறி எதிர்பார்க்கவும் வேண்டாம். சல்மா மூசா என்ற ஆய்வாளர் ஈராக்கில், ஐ.எஸ். விரட்டிய கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் ஒரே கால்பந்து அணிகளில் சேர்த்து ஆடவிட்டுப் பார்த்தார், 2020-ல் வெளியானது. கூட ஆடியவர்களிடம் நடத்தை நன்றாக மாறியது. மைதானத்துக்கு வெளியே முன்பின் தெரியாத முஸ்லிம்களிடம் அந்த மாற்றம் அவ்வளவாகப் போகவில்லை. அதாவது அந்த மாமி தங்கச்சியை விட்டுக்கொடுக்க மாட்டார், ஆனால் புதுப் பள்ளிவாசலுக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போடுவார் என்று கணக்குப் போடாதீர்கள். அதற்குத்தான் விதியும் சட்டமும்.

முன்பே எழுத நினைத்தது இன்னொன்று. வெளியூர்ப் பயிற்சியாளரின் ஸ்லைடில் வெள்ளை இனவெறிக் கும்பலான கு கிளக்ஸ் கிளான் இருக்கும், நம் ஊர் விஷயம் இருக்காது. 2022 ஆகஸ்ட் 14, நம் எடிசனில் ஓக் ட்ரீ ரோடு, இந்திய தின ஊர்வலம். மோடி, யோகி படங்களோடு ஒரு மஞ்சள் புல்டோசர் போனது. மேல்மேடையில் கையசைத்துக்கொண்டிருந்த அமெரிக்க அரசியல்வாதிக்கு அது கட்டட வேலை வண்டி. உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் அந்த வருடம் முஸ்லிம்களின் வீடுகளைப் புல்டோசர் இடித்த செய்தியைப் படித்த ஒவ்வொரு இந்தியனுக்கும் அது என்ன என்று தெரியும். ஊர்வலம் நடத்திய வணிகர் சங்கம் பிறகு எழுத்தில் மன்னிப்புக் கேட்டது. 2024 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றமே தண்டனையாக வீட்டை இடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஊர்வலத்துக்கு அனுமதி கொடுக்கிற க்ளர்க்குக்கும் போலீஸ் கேப்டனுக்கும் இதைப் படத்தோடு காட்டுங்கள். நீங்கள் இந்தியர் என்பதால் இதைச் சொல்ல உங்களால்தான் முடியும். வேறு யார் சொன்னாலும் "இந்தியாவுக்கு எதிரி" என்ற பேச்சு வரும். உங்களுக்கும் வரும், கொஞ்சம் குறைவாக.

---

ராரிடன்_கரை:

எல்லாருக்கும் நன்றி. அந்த நிறுவனத்துக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன். ஒத்திகைக்கு எங்கள் தமிழ் நாடகக் குழுவே தயார், எதிர்ப்பாளர் வேடத்துக்கு அடிதடியாக இருக்கிறது. வீடு வாடகை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை அக்கா, மூன்று ஏஜென்டுகளைச் சேர்த்துவிட்டேன். எங்கள் ஊரின் அந்த வங்கிக் கட்டட விண்ணப்பத்தையே உதாரணமாக எடுத்து, பிளானிங் போர்டு ஆட்களைச் சேர்மன் நாற்காலியில் உட்கார வைத்து நடத்தலாம் என்று இருக்கிறேன். நிஜமான கேஸ் என்றால் எல்லாரும் கவனிப்பார்கள்.

---

ஆல்டர்னேட்_2:

ஐயோ, அதை மட்டும் செய்யாதீர்கள்! நிலுவையில் இருக்கும் விண்ணப்பத்தைப் பற்றி போர்டு உறுப்பினர் விசாரணைக்கு வெளியே ஒரு வார்த்தை பேசினாலும் கதை முடிந்தது. பதிவில் இருக்கும் சாட்சியத்தை வைத்துத்தான் அவர் ஓட்டுப் போட வேண்டும். உங்கள் ஒத்திகையில் அவர் ஏதாவது சொல்லி, அதை ஒருவர் போனில் எடுத்து, நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அவரை விலகச் சொன்னால் விண்ணப்பித்தவர்களுக்குத்தான் நஷ்டம். நல்லது செய்யப்போய் இன்னும் ஆறு கூட்டம். பாஸ்கிங் ரிட்ஜ் முடிந்த கேஸ், தீர்ப்பு பொதுவில் இருக்கிறது, அதை வைத்தே ஆடுங்கள். உங்கள் ஊர் விண்ணப்பம் என்ற பேச்சே அந்த அறையில் வரக் கூடாது என்று ஆரம்பத்திலேயே போர்டு வக்கீல் எழுந்து சொல்லட்டும்.

இன்னொன்று, கவுன்சில் உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் ஒரே அறையில் ஊர் விஷயம் பேசினால் அது பொதுக் கூட்டம் ஆகிவிடும். திறந்த கூட்டச் சட்டப்படி 48 மணி நேரம் முன்னால் அறிவிப்பு போட வேண்டும். அழைப்பிதழ் அடிப்பதற்கு முன் க்ளர்க்குக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள். ரமலான் மாதமா என்றும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், சமோசா வேறு வைக்கிறீர்கள்.

---

கஞ்சிக்கலயம்:

நோன்பு மாதமாக இருந்தாலும் சாயங்காலம் வையுங்கள், நான் கஞ்சி கொண்டு வருகிறேன். வெந்தயம் கூடவே போடுகிறேன்.